கதவில் தொங்கிய கஞ்சி

அத்தியாயம் 1

"பதினோரு மணிக்கு என் தங்கச்சியை எரிக்க எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குள்ள நீங்க ஏதாவது பண்ணணும்."

வாசலில் நின்று சொன்னவள் கறுப்புத் துக்க உடையில் இருந்தாள். தலைமுடியில் வெள்ளை நாடா குத்தியிருந்தாள். காலில் துக்கக் கூடத்தின் ரப்பர் செருப்பு. அதோடேயே பிப்ரவரிக் குளிரில் ஓடி வந்திருக்கிறாள்.

நாம்குங் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு ஐம்பது.

இருபத்தாறு வருடம் சியோல் போலீஸில் இன்ஸ்பெக்டர்வரை இருந்துவிட்டு, நான்கு வருடமாகத் தனியாகத் துப்பறிகிறவர். சின்சா வட்டாரத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை. எதிர்க் கட்டடம் ஏழு மாடி முழுக்க 'மெல்லிடை' கிளினிக். கொழுப்பை உறிஞ்சி எடுத்து இடுப்பை மெலிய வைக்கிற இடம்.

"உக்காரும்மா. சுனோக், சூடா ஏதாவது குடு."

உதவியாளர் சுனோக் பார்லி டீயை நீட்டினாள். வயது நாற்பத்துமூன்று. இங்கே வரும் முன் பதினோரு வருடம் இதே தெருவில், இதே மாதிரி ஒரு கிளினிக்கில் ஆலோசனை மேலாளர். 'தொப்பையைக் காட்டிப் பயமுறுத்துற உத்தியோகம்' என்பாள்.

"எதிர் கிளினிக்குக்குத்தான் போனேன். உள்ளே விடலை. வாசல் செக்யூரிட்டி தள்ளிவிட்டான். திரும்பினப்ப உங்க போர்டு தெரிஞ்சது."

அவள் பெயர் யோ போரம். தங்கை நாரேவுக்கு முப்பத்தொரு வயது. சில்லிம் மேட்டில் சின்ன பஸ் ஓட்டுபவள். இன்னும் நான்கு வாரத்தில் கல்யாணம்.

"கவுன் போட்டுப் பார்க்கப் போனோம். ஜிப் ஏறலை. நான்தான் சிரிச்சேன். 'டிரைவர் சீட்டுல உக்காந்து உக்காந்து பஸ் மாதிரியே ஆயிட்டே'ன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன் சார்."

நாம்குங் டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை எதிர்ல ஆபரேஷன். சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்கிட்ட மட்டும் ஒரு மெசேஜ், 'முடிஞ்சது அக்கா, தூங்கப் போறேன்'னு. சனிக்கிழமை முழுக்க எனக்குக் கடையில கூட்டம். தூங்கறான்னு நினைச்சேன். ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை கிதே ஊருல இருந்து வந்து கதவைத் திறந்தார். குளியலறை வாசல்ல கிடந்திருக்கா."

"போலீஸ் டாக்டர் என்ன சொன்னார்?"

"உடம்பை வெளியில மட்டும் பார்த்துட்டுக் காரணம் தெரியலைன்னு எழுதினார். அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும், குடும்பம் முடிவு பண்ணுங்கன்னுட்டாங்க. அப்பா வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டார். 'ஒரு தடவை என் பொண்ணைக் குத்திக் கிழிச்சது போதும்'னு. எரிச்சுட்டா என்ன சார் மிஞ்சும்? கிளினிக்ல, நல்லாத்தான் நடந்து போனாங்க, வலின்னு ஒரு போன்கூடப் பண்ணலைங்கறாங்க. அவ பண்ணாம இருப்பாளா?"

நாரேவின் போனை மேசைமேல் வைத்தாள். சுனோக் எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை ஒரு அழைப்பும் இல்லை.

"இன்ஸ்பெக்டர், இந்த ஊர்ல பிறந்த குழந்தைக்கே 'இன்ஷூரன்ஸ் வேணுமா'ன்னு போன் வருது. அந்த ரெண்டு நாள் இதுக்கு ஒரு விளம்பரக் கால்கூட வரலையாம். யாரோ பெருக்கித் துடைச்சிருக்காங்க."

"இது யார் கையிலெல்லாம் இருந்தது?"

"கிதேதான் எடுத்துட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அந்தக் கிளினிக் மேலாளர் ரா ஓடி வந்தா. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. சார்ஜ் போட்டுத் தரேன்னு போனை வாங்கிட்டுப் போய்ப் பத்து நிமிஷம் கழிச்சுக் கொடுத்தா. அவதான் அழிச்சிருக்கா!"

"கிதேவுக்கு ஆபரேஷன் தெரியுமா?"

"தெரியாது. ரெண்டு நாள் டிரைவர் பயிற்சின்னு சொல்லியிருக்கா. அவர் உல்சான்ல கப்பல் கட்டற வேலை, ஞாயித்துக்கிழமைதான் வருவார். பாவம், மூணு நாளா ஒரு வாய் சாப்பிடலை."

அவள் மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். உணவு டெலிவரியோடு வரும் சீட்டு.

"நேத்து கூடத்துல வைக்க அவ யூனிஃபார்ம் படத்தை எடுக்க அவ வீட்டுக்குப் போனேன். கதவுப் பிடியில ஒரு கஞ்சிப் பை தொங்குது. முடிச்சுகூடப் பிரிக்கலை. இதுவும் அந்த ராவோட வேலைதான்."

நாம்குங் சீட்டைப் படித்தார். சனிக்கிழமை, மதியம் மூன்று நாற்பது. வெள்ளைக் கஞ்சி, ஒன்று. கீழே குறிப்பு: 'தண்ணி மாதிரி வையுங்க. எது சாப்பிட்டாலும் வாந்தி எடுக்கிறா. பெல் அடிக்க வேண்டாம்.'

"ரா இல்லை" என்றாள் சுனோக். "கிளினிக் கஞ்சி அனுப்பாதும்மா. வீக்கம் வடியப் பூசணிச் சாறுதான் அனுப்பும். அந்தப் பாக்கெட்லயும் 'உங்கள் தோழியைக் கூட்டி வந்தால் சலுகை'ன்னு அச்சடிச்சிருக்கும். விளம்பரம் இல்லாம இந்தத் தெருவுல இருந்து ஒரு சொட்டுத் தண்ணிகூட வெளியே போகாது."

நாம்குங் எழுந்து கோட்டை மாட்டினார்.

"சனிக்கிழமை மூணே முக்காலுக்கு உன் தங்கச்சி வாந்தி எடுக்கறது ஒரு ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஆள் இதுவரைக்கும் வாயைத் திறக்கலை. நீ கூடத்துக்குப் போம்மா. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே. அப்பாகிட்டகூட."

"கண்டுபிடிச்சிடுவீங்களா?"

அவர் சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். வாக்குக் கொடுக்கிற பழக்கத்தைப் போலீஸிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

*

ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. மணி எட்டு நாற்பது. சுனோக் ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

"யாருக்கு?"

"மெல்லிடை. இருபத்துநாலு மணி நேர ஆறுதல் நம்பர்." மறுமுனை எடுத்ததும் குரலை நலிய வைத்துக்கொண்டாள். "ஹலோ, உங்ககிட்ட வயித்துல கொழுப்பு எடுத்துக்கிட்டேன். வாந்தியா வருதுங்க. வயிறு கல்லு மாதிரி இருக்கு..."

"வலிச்சா கொழுப்பு போயிடுச்சுன்னு அர்த்தம், கஸ்டமர்!" தேன் மாதிரி ஒரு பெண் குரல். "எல்லாருக்கும் வர்றதுதான். கொடுத்த மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்குங்க."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"அய்யோ, வேண்டாம். அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கண்ட இடத்துல கையை வெச்சா வடிவம் கெட்டுடும். வியாழக்கிழமை நம்மகிட்டயே வாங்க."

மறுமுனை போனை வைத்துவிட்டது.

"பேரே கேக்கலை பார்த்தீங்களா?" என்றாள் சுனோக்.

"ஒப்பிக்கிற மாதிரி இருந்தது."

"ஒப்பிக்கறதுதான். எழுதி மேசையில ஒட்டியிருப்பாங்க. நானே ஒட்டியிருந்தேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "பதினோரு வருஷம் இதையேதான் சொன்னேன் இன்ஸ்பெக்டர். என்கிட்டப் பேசினவங்க யாரும் சாகலைன்னு நினைச்சுட்டிருந்தேன். செத்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? அவங்க மறுபடி போன் பண்ண மாட்டாங்களே."

நாம்குங் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"இடது பக்கம் போ. அங்கே நெரிசல் கம்மி" என்றார்.

*

கஞ்சிக் கடை சில்லிம் சந்தைக்குப் பின்னால் இருந்தது. கடைக்காரம்மா பெரிய பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். மணி ஒன்பது இருபத்தைந்து.

"சனிக்கிழமை எத்தனையோ ஆர்டர் வந்தது. அதெல்லாம் எங்க ஞாபகம்?"

நாம்குங் சீட்டை நீட்டினார். படித்ததும் அவள் கை நின்றது.

"இதுவா? இது ஞாபகம் இருக்கு. ஆப்ல போட்டுட்டு அந்த ஆள் கடைக்கும் போன் பண்ணினான். 'தண்ணியாத்தானே வைப்பீங்க, எண்ணெய் ஊத்த மாட்டீங்களே'ன்னு. பின்னாடி இரும்பை இரும்பால அடிக்கிற சத்தம். ஒண்ணுமே கேக்கலை. நான் கத்திக் கத்திப் பேசினேன்."

"வேற என்ன கேட்டான்?"

"வயித்துல ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு எந்தக் கஞ்சி நல்லதுன்னு கேட்டான். ஆபரேஷன் பண்ணி வாந்தி எடுத்தா கஞ்சி எதுக்குப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னேன். அதுக்கு, 'எல்லாருக்கும் வர்றதுதானாம் அம்மா'ன்னான். சின்னப் பையன் மாதிரி சொன்னான்." அவள் அடுப்பைத் தணித்தாள். "அந்தப் பொண்ணு எப்படியிருக்கா?"

சுனோக் பேனாவை எடுத்தாள்.

"அக்கா, அந்த நம்பர் இருக்குமா?"

சுவரில் பழைய கடை போன். சின்னத் திரையில் நம்பர் காட்டுகிற ரகம். கடைக்காரம்மா பொத்தானை அழுத்தி அழுத்திச் சனிக்கிழமைக்குப் போனாள். மூன்று ஐம்பத்திரண்டு. சுனோக் எழுதிக்கொண்டாள்.

வண்டியில் ஏறியதும் அவள் எண்ணை அடிக்கப் போனாள். நாம்குங் கையைப் பிடித்தார்.

"வேண்டாம். எடுப்பான், யாருன்னு கேப்பான், வெச்சுடுவான். அடுத்த நிமிஷம் அந்தப் போன்ல இருக்கறதும் துடைச்சுப் போயிடும்."

"போரம்கிட்டக் காட்டிக் கேப்போமா?"

"அவளுக்கு நடிக்கத் தெரியாது. பக்கத்துல நிக்கிறவன் அவ முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்குவான்."

"பக்கத்துல நிக்கிறவனா?" சுனோக் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இரும்பு அடிக்கிற சத்தம். உல்சான். கப்பல்." வண்டியைக் கிளப்பினாள். "மூணு நாளா சாப்பிடலைன்னாளே அந்தப் பொண்ணு."

"போ. பத்தே முக்காலுக்கு அங்கே இருக்கணும். அப்பதான் அவன் கை ரெண்டும் சும்மா இருக்காது."

*

துக்கக் கூடத்தின் பின்வாசலில் நீளமான கறுப்பு வண்டி நின்றது. ஓட்டுநர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "பன்னிரண்டு மணிக்குச் சுடலையில நம்ம முறை. தவறினா மூணு நாள் கழிச்சுத்தான் கிடைக்கும்."

ஊர்வலம் படியிறங்கியது. முன்னால் கிதே. நெடிய உடம்பு, கையில் துக்கப் பட்டை. இரண்டு கையாலும் நாரேவின் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தான். படத்தில் அவள் பஸ் யூனிஃபார்மில், தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்துச் சிரித்தாள். பின்னால் ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அதற்கும் பின்னால் போரமும், அவள் தோளைப் பிடித்தபடி அப்பா மான்போக்கும். அறுபத்தாறு வயது. தரையில் ஓடு பதிக்கிற வேலை செய்து செய்து முழங்கால் வளைந்துபோன மனிதர்.

நாம்குங் தலையசைத்தார். சுனோக் எண்ணை அழுத்தினாள்.

ர்ர்ர்ர்.

கிதேவின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. படத்தின் மரச்சட்டம் அதன்மேல் அழுந்தியிருந்ததால் சட்டமே உறுமியது. எல்லோரும் நின்றார்கள். படத்தைக் கீழே வைக்காமல் அவனால் போனைத் தொட முடியாது. வைக்கவும் முடியாது. அவன் அப்படியே நின்றான். சட்டம் உறுமிக்கொண்டே இருந்தது.

சுனோக் காதில் போனை வைத்தபடி நிற்பதைப் போரம் பார்த்தாள். பிறகு கிதேவைப் பார்த்தாள்.

"நீங்களா? கஞ்சி... நீங்களா?"

நாம்குங் போய்ப் படத்தை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதை வாங்கியதும் அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே!" போரம் அவன் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். "தெரியாதுன்னு சொன்னியேடா!"

"என்னடா நடக்குது இங்க?" என்றார் மான்போக்.

"மாமா..." கிதே அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாரே எனக்குப் பதினோரு தடவை போன் பண்ணினா. சனிக்கிழமை முழுக்க. வலிக்குது, வலிக்குதுன்னு. கப்பல் மேல நின்னுட்டு நாலு தடவைதான் எடுத்தேன். கிளினிக்ல என்ன சொன்னாங்களோ அதையே நானும் சொன்னேன். பொறுத்துக்கோ, எல்லாருக்கும் அப்படித்தான்னு. ராத்திரி கடைசியா, கஞ்சி வந்துடுச்சு, எடுத்துக் குடின்னேன். ஞாயித்துக்கிழமை வந்தா பை கதவுலேயே தொங்குது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு மாமா. கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

"அவ போன்ல இருந்ததை அழிச்சது?" என்றார் நாம்குங்.

"நான்தான். நீங்க எல்லாம் பார்ப்பீங்களே, பதினோரு தடவை கூப்பிட்டாளேன்னு. என் நம்பரை மட்டும் தனியா எடுக்கத் தெரியலை. அந்த ரெண்டு நாள்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சேன். கிளினிக்குக்கு அவ பண்ணினதும் போச்சு." முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். "அது அவங்களுக்கு உதவியாப் போகும்னு அப்ப தோணவே இல்லை."

"உன் போன்ல?"

கிதே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"என்னுது எல்லாக் காலையும் தானா ரெக்கார்ட் பண்ணும். அதை அழிக்க முடியலை. அதுல அவ குரல் இருக்கு."

வண்டி ஓட்டுநர் மணியைக் காட்டினார். பத்து ஐம்பத்தொன்று. அந்த மனிதரை நோக்கி சுனோக் ஒரு விரலை உயர்த்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"கிளினிக்கோட நீ பேசினியா?"

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு. அவளால பேச முடியலைன்னு நானே பண்ணினேன்."

"போடு."

படியில், குளிரில், பெட்டியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நிற்க, அந்தச் சின்னக் கருவியிலிருந்து மேலாளர் ராவின் குரல் வந்தது. காலையில் கேட்ட அதே தேன். வலிச்சா கொழுப்பு போயிடுச்சுன்னு அர்த்தம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். கிதேவின் குரல் கெஞ்சியது. 'வயிறு பலகை மாதிரி இருக்குங்க. காய்ச்சல் கொதிக்குது. டாக்டர்கிட்டயாவது ஒரு வார்த்தை கேளுங்க.' ஒரு சலிப்பான மூச்சு. 'சரிங்க. இவங்களுக்குப் பண்ணினது டீம் லீடர் பியோதான். அவர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்.'

"நிறுத்து!" என்றாள் சுனோக். "அதை மறுபடி போடு."

மறுபடி ஒலித்தது. அவள் நாம்குங் பக்கம் திரும்பினாள்.

"இன்ஸ்பெக்டர், இந்தத் தெருவுல டாக்டரை யாரும் டீம் லீடர்னு கூப்பிட மாட்டாங்க. காபி ஊத்துற பையன்கூட 'டாக்டர் அய்யா'ன்னுதான் சொல்லணும். மிஷின் விக்க வர்ற கம்பெனி ஆளைத்தான் டீம் லீடர்னு கூப்பிடுவோம். உறிஞ்சற மிஷினை எப்படி ஓட்டணும்னு காட்டிக் கொடுக்க வருவான்." அவள் குரல் தணிந்தது. "பெரிய டாக்டருக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருந்தா..."

"மிஷின் விக்கிறவனா?" என்றாள் போரம். "மிஷின் விக்கிறவனா என் தங்கச்சி வயித்துல குழாயைச் சொருகினான்?"

"குழாய் கொழுப்போட நிக்கலை, குடலைக் குத்தியிருக்கும்னு நினைக்கிறேன்" என்றார் நாம்குங். "ஆனா இது என் நினைப்பு. இந்தக் குரல் போலீஸை எழுப்பும், அவ்வளவுதான். குத்தினது உண்மையான்னு சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் இருக்கு." அவர் பெட்டியைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்கு அதுவும் போயிடும்."

போரம் அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா..."

மான்போக் அவள் கையை விலக்கினார். கிதேவின் முன்னால் போய் நின்றார். அடிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"அவ பேசினதைப் போடு."

"மாமா, வேண்டாம்..."

"போடுடா."

கிதே திரையைத் தொட்டான். இரும்பு இரும்பை அடிக்கிற சத்தம். அதற்குள்ளே ஒரு மெலிந்த பெண் குரல். 'கிதே, ரொம்ப வலிக்குது. அப்பாவைக் கூப்பிடட்டுமான்னு பார்க்கறேன். ஆனா அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவார்ல. நல்ல உடம்பை எதுக்கும்மா கெடுத்துக்கிட்டேன்னு கேப்பார். நீ சொல்ற மாதிரி திங்கக்கிழமை வரைக்கும் பார்க்கறேன். நீ கீழே பார்த்து வேலை செய்.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரும்புச் சத்தம் மட்டும்.

மான்போக் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. பிறகு நாம்குங் பக்கம் கையை நீட்டினார்.

"தாளைக் குடுங்க."

பிரேதப் பரிசோதனைக்கான விண்ணப்பத்தைச் சுனோக் காலையிலேயே எழுதி வைத்திருந்தாள். வண்டியின் முன்பக்கத்தில் விரித்துக் கிழவர் கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. நாம்குங் அதற்குள் தன் பழைய நிலையத்தின் எண்ணை அழுத்தியிருந்தார்.

"அண்ணே, சுடலைக்கு இல்லையா அப்போ?" என்றார் ஓட்டுநர்.

"இல்லை. போலீஸ் எங்கே சொல்லுதோ அங்கே விடு." மான்போக் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். "அறுக்கட்டும். இந்தத் தடவையாவது டாக்டர் அறுக்கட்டும்."

போரம் வண்டியில் ஏறி அவருக்குக் கை கொடுத்தாள். கிதேவும் எழுந்து ஒரு அடி வைத்தான்.

"நீ ஏறாதே" என்றார் மான்போக், அவனைப் பார்க்காமலே. "இவங்களோட போலீஸுக்குப் போ. அந்தப் போனைக் குடு. நீ என்ன சொன்னே, என்ன அழிச்சேன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடு."

"சரி மாமா."

"குடுத்துட்டு வா. நாங்க அங்கேதான் உக்காந்திருப்போம்."